தரையில் இருப்பவள் எங்கே விழுவாள்

செம்பவாங் கடற்படைத் தளத்து மருத்துவக் கூடத்தில் பதினோரு வருடம் வேலை பார்த்தவன் என்று மனுவில் எழுதிக் கொடுத்துத்தான் செம்பருத்தி முதியோர் இல்லத்தில் சேர்ந்தேன். பொய்யில்லை. டாக்டருக்குக் கோப்பி வாங்கி வந்தேன், ஸ்ட்ரெச்சர் தூக்கினேன். ஸ்ட்ரெச்சரிலும் பின்பக்கம்தான். முன்பக்கம் பிடிப்பவனுக்கு வழி தெரிந்திருக்க வேண்டும். பின்பக்கத்துக்குக் கை இருந்தால் போதும்.

அறுபத்திரண்டாம் வருடம் ஓர் ஆஸ்பத்திரி தன்னிடம் மிஞ்சிய பதினாலு கைத்தடிகளையும் இரண்டு சக்கர நாற்காலிகளையும் எங்கள் இல்லத்துக்குக் கொடுத்தது. அதுவரை எங்கள் பெரியவர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார்கள். ரேஸ் கோர்ஸ் ரோட்டுக்குப் பின்சந்தில் இருந்த அந்தப் பழைய பங்களாவில், சாப்பாட்டுக் கூடத்திலிருந்து கழிவறை வரைக்கும் இடுப்பு உயரத்தில் ஒரு கறுப்புக் கோடு ஓடும். புதிதாக வருகிறவர்கள் பெயின்ட் என்று நினைப்பார்கள். இருபத்திரண்டு பேருடைய உள்ளங்கை அழுக்கு அது.

மேட்ரன் மங்களத்தை இல்லத்தில் எல்லோரும் மிஸ்ஸி என்போம். அவர் என் மனுவை எடுத்து இன்னொரு முறை படித்துப் பார்த்தார்.

"தங்கராஜு, நீங்க நேவல் பேஸ்ல இருந்தவர்தானே. இவங்களுக்கு நடக்கக் கத்துக்கொடுங்க."

மனுவில் பெருமையடித்தவனுக்கு மறுக்க வாய் ஏது. மிஸ்ஸி அரை மணி நேரம் எனக்குச் சொல்லிக்கொடுத்ததை, நான் ஒரு மாதம் இருபத்திரண்டு பேருக்குச் சொல்லிக்கொடுத்தேன். தடியின் பிடி மணிக்கட்டு உயரத்துக்கு வர வேண்டும். எந்தக் கால் பலவீனமோ அதற்கு எதிர்க்கையில் தடி. முதலில் தடி, பிறகு வலிக்கிற கால், பிறகு நல்ல கால்.

எதிர்க்கை என்ற இடத்தில் என்னை மடக்கியவர் முத்தாயி. சிராங்கூன் ரோட்டு மாட்டுக் கொட்டகையிலிருந்து முப்பது வருடம் வீடுவீடாகப் பால் கொண்டுபோய்க் கொடுத்தவர். தேக்கா மார்க்கெட்டில் வழுக்கி விழுந்து, இடது இடுப்பில் கம்பி வைத்துத் தைத்து, கேட்பாரில்லாமல் எங்களிடம் வந்து சேர்ந்தவர். மார்க்கெட்டில் அவரை விழவைத்தது ஒரு மீன் செதில். அந்த மீனைப் பற்றி அவர் சொல்லும் வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

"நோவுறது இந்தப் பக்கம். தொங்காட்டை அந்தப் பக்கம் பிடிக்கச் சொல்றியே, உனக்கு மூளை இருக்கா?" என்றார். கைத்தடிக்கு எங்கள் இல்லத்தில் எல்லோரும் மலாய்ப் பெயரைத்தான் சொல்வார்கள்.

"கை வீசி நடந்து பாருங்கம்மா. இடது கால் முன்னால போறப்ப எந்தக் கை கூடப் போகுது?"

"ரெண்டு கையிலயும் பால் தூக்கிட்டுப் போனவ நான். எனக்குக் கை வீசுற வேலை ஏதுடா?"

கொஞ்சம் யோசித்தேன். "சரி. இடது கையில மட்டும் பால் வாளி. உடம்பு எந்தப் பக்கம் சாயும்?"

"வலது பக்கம்."

"இடுப்பு நோவும் அந்த வாளி மாதிரிதான். சாயுற பக்கந்தானே முட்டுக்கொடுக்கணும்?"

அவர் தடியை வலது கைக்கு மாற்றிக்கொண்டு கூடத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தார். திரும்பி வந்ததும், "இதை மொதல்லயே சொல்லக்கூடாதா?" என்றார்.

அந்த வெற்றி எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. கடைசிப் பாடம் தடியின் நுனியில் மாட்டியிருக்கும் ரப்பர் குப்பியைப் பற்றியது. அது தேய்ந்தாலோ கழன்றாலோ தடி வழுக்கும். இதை மிஸ்ஸி சொன்னதுபோல நான்கே வார்த்தைகளில் சொல்லியிருக்கலாம். ஆனால் கூட்டத்தைக் கண்டால் என் நாக்கு சும்மா இருக்காது.

"இது தொங்காட்டுக்குப் போட்ட செருப்பு," என்றேன். "நீங்க செருப்பில்லாம தேக்காவுக்குப் போவீங்களா? அது மாதிரி இவரும் செருப்பில்லாம நகர மாட்டார். மரியாதை தெரிஞ்சவர்."

எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்துக் கட்டில்காரர் சொன்னாலும் சிரிக்காத ஜமால் முகம்மது பாய்கூடச் சிரித்தார். அன்று வீட்டுக்குப் போய் என் மனைவியிடம் அதைத் திரும்பச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

ஐந்து வாரத்தில் மூன்று பேர் விழுந்தார்கள்.

மூன்றும் வெள்ளிக்கிழமை, மூன்றும் சாமி அறையில். வெள்ளிக்கிழமை காலையில் அந்த அறையின் சிவப்புச் சிமெண்டுத் தரையைக் கழுவிவிட்டுத்தான் பூசை. ஈரம் என்று முதல் இரண்டு பேருக்கும் காரணம் சொன்னோம். மூன்றாவதாக விழுந்தவர் முத்தாயி. எலும்புக்கு ஒன்றுமில்லை. நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம். அவர் விழுந்த நேரத்தில், நடக்கக் கற்றுக்கொடுத்த வாத்தியாராகிய நான் பின்வாசலில் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை பூசை நேரம் எனக்கு எப்போதும் சிகரெட் நேரம்.

அன்றே கமிட்டிச் செயலாளர் வேலாயுதம் காரில் வந்து இறங்கினார். சிராங்கூன் ரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். யாருக்கும் தீங்கு நினைக்காதவர். அதனாலேயே தாம் செய்வது எதுவும் தீங்காக இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றாது. மிஸ்ஸி சாமி அறையிலிருந்து எடுத்துவந்து வைத்திருந்த தடிகளைப் புரட்டிப் பார்த்தார். ஒன்றில்கூட ரப்பர் இல்லை.

"பாத்தீங்களா மேட்ரன்? ஆஸ்பத்திரிக்காரங்க கழிச்சதை நம்ம தலையில கட்டிட்டாங்க. எல்லாத்தையும் பூட்டி வைங்க. திங்கக்கிழமை கமிட்டி கூடி முடிவு பண்ணுவோம், அதுவரைக்கும் யாரும் நடக்க வேணாம்."

"இருபத்திரண்டு பேருக்கு ரெண்டு நாற்காலிதான் இருக்கு சார்."

"அப்போ முறை வச்சுத் தள்ளுங்க. அந்தப் பால்காரம்மாவைப் படுக்கை வார்டுக்கு மாத்திடுங்க. இன்னொரு தடவை விழுந்தா நம்ம பேரு கெட்டுப்போகும்."

படுக்கை வார்டு என்பது பின்கட்டில் ஏழு கட்டில்கள் போட்ட நீள அறை. சுத்தமாக இருக்கும், காற்று வரும், கஞ்சி நேரத்துக்கு வரும். அங்கே போனவர் திரும்பி வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்ததை மட்டும் நான் பார்த்ததில்லை. ஒருவருக்குக் கட்டில் அங்கே மாறினால், மற்றவர்கள் அவரைப் பற்றி இறந்த காலத்தில் பேசத் தொடங்கிவிடுவார்கள்.

சனிக்கிழமை காலை முத்தாயியின் கட்டிலை வார்டில் எட்டாவதாகப் போட்டு, அவருடைய தகரப் பெட்டியையும் நான்தான் தூக்கிக்கொண்டு போய் அதன்மேல் வைத்தேன். வைத்துவிட்டுச் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அவரிடம் வந்தேன்.

"ஏறுங்கம்மா."

"எங்கே?"

"தெரிஞ்சுகிட்டே கேக்குறீங்களே."

"பெட்டி போயிடுச்சுன்னா நானும் போவணுமா? பெட்டிக்கு நோவு கண்டிருந்தா அது போய்ப் படுத்துக்கட்டும்."

"நடக்கக்கூடாதுன்னு ஆர்டர்மா."

"நடக்கக்கூடாது. சரி, நடக்கலை," என்றார். பக்கத்துக் கட்டில் காலைப் பிடித்து மெல்லச் சரிந்து தரையில் உட்கார்ந்தார். இரண்டு கையையும் பின்னால் ஊன்றி, நல்ல காலால் உந்தி, புட்டத்தால் நகர ஆரம்பித்தார். ஒரு முழம், ஒரு முழமாக, அந்த நீளக் கூடம் முழுவதும்.

மிஸ்ஸி ஓடி வந்தார். "என்ன செய்றீங்க? எழுந்திருங்க."

"எழுந்திருந்தா விழுந்துடுவேன்னுதானே சொன்னீங்க மிஸ்ஸி? தரையில இருக்கிறவ எங்கே விழுவா?"

மிஸ்ஸி என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்தபோது தரையில் ஒன்பது பேர் இருந்தார்கள். முன்னால் முத்தாயி, கடைசியில் எழுபத்து நாலு வயது ஜமால் பாய். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, "இரும்மா, வர்றேன் லா. நான் என்ன ரேஸ் குதிரையா?" என்று மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். சிவப்புச் சிமெண்டுத் தரை அன்றைக்குப் பளபளத்ததுபோல் அதற்கு முன் பளபளத்ததில்லை. தரை துடைக்கும் வேலையும் என்னுடையது என்பதால் இதைச் சொல்கிறேன். அன்று இரவும் மறுநாள் இரவும் முத்தாயி சாப்பாட்டுக் கூடத்து பெஞ்சில்தான் படுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சாமி அறையைப் பெருக்கப் போனேன். வாசலில் செருப்பு வைக்கும் பலகையைத் தூசி தட்டுவதற்காக இழுத்தேன். வெள்ளிக்கிழமைக் கலவரத்தில் போட்டுவிட்டுப் போன செருப்புகள் சில அப்படியே இருந்தன. ஒவ்வொரு ஜோடிக்குப் பக்கத்திலும், வரிசை பிசகாமல், ஒரு ரப்பர் குப்பி. செருப்பு எடுக்கப்பட்ட இடங்களிலும் குப்பிகள் மட்டும் உட்கார்ந்திருந்தன. எண்ணினேன். பதினொன்று.

தேய்ந்தது ஒன்றுகூட இல்லை.

குப்பிகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்த முத்தாயியிடம் போனேன். பக்கத்தில் ஜமால் பாய் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, இதை யாரு கழட்டி வச்சது?"

"அவங்கவங்கதான் கழட்டி வச்சாங்க. ஏன்?"

"ஏன் கழட்டினீங்க?"

முத்தாயி என்னைப் பார்த்த பார்வையில் எனக்காக ஒரு இரக்கம் இருந்தது. "நீதானே சொன்னே, அது தொங்காட்டுக்குச் செருப்புன்னு. கக்கூசுக்குப் போயிட்டு வர்ற செருப்பு. அதோட சாமி முன்னாடி போவாங்களா? உங்க அம்மா உன்னை அப்படியா வளத்தா?"

"போகும்போது கழட்டி, வரும்போது மாட்டிக்குவீங்களா?"

"பின்னே? செருப்பை என்ன செய்வாங்க?"

"நானும்தான்," என்றார் ஜமால் பாய். "தொழுகைப் பாய் மேல வைக்கிறதுக்கு முன்னாடி கழட்டிடுவேன். சுவரைப் பிடிச்சுக்கிறதால அல்லா புண்ணியத்துல விழலை."

"மிஸ்ஸிகிட்ட ஏன் யாரும் சொல்லலை?"

"யாரும் கேக்கலையே," என்றார் முத்தாயி.

மூன்று பேருடைய நெற்றியையும் முழங்காலையும் தரையில் மோத விட்டது ஈரமும் இல்லை, ஆஸ்பத்திரியும் இல்லை. என் நாக்கு. வழுக்கும் என்று சொல்ல வேண்டிய இடத்தில் சிரிக்க வைத்துவிட்டேன். சிரித்தவர்கள் செருப்பை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டார்கள். அதை எவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்கிறார்கள் பாருங்கள். என் பாடங்களில் முழுதாகத் தேறியது அது ஒன்றுதான்.

ஜமால் பாய் என் முகத்தைப் படித்துவிட்டார். "தம்பி, நாளைக்குக் கமிட்டியில இதைச் சொன்னா உன் வேலை போயிடும் லா. அவங்க ஆஸ்பத்திரி மேல பழியைப் போட்டுட்டாங்க. நீ பேசாம இருந்துடு."

பேசாமல் இருந்தால் எனக்கு ஒன்றும் ஆகாது. தடிகள் ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போகும். சுவரில் கறுப்புக் கோடு மறுபடி தடிக்கும். முத்தாயி எட்டாவது கட்டிலாகப் பின்கட்டுக்குப் போவார். முத்தாயியைப் பார்த்தேன். நான் என்ன செய்யப்போகிறேன் என்று அவர் பார்க்கவே இல்லை. கோப்பியை ஊதிக்கொண்டிருந்தார்.

"நீ சொன்னாலும் சொல்லாட்டியும் நான் அந்த அறைக்குப் படுக்கப் போறதில்ல," என்றார். "உன் வேலை உன் பாடு."

திங்கட்கிழமை பத்து மணிக்குச் சாப்பாட்டுக் கூடத்தில் மேசையைத் திருப்பிப் போட்டுக் கமிட்டி உட்கார்ந்தது. நடுவில் வேலாயுதம், இரண்டு பக்கமும் இரண்டு உறுப்பினர்கள், ஓரத்தில் மிஸ்ஸி. எதிரே எங்கள் பெரியவர்கள். பாதிப் பேர் பெஞ்சில், பாதிப் பேர் தரையில். முத்தாயி தரையில் நகர்ந்து வந்து மேசைக்கு நேர் எதிரே, எல்லோருக்கும் முன்னால் உட்கார்ந்தார்.

வேலாயுதம் தொண்டையைச் செருமினார். "உங்க பாதுகாப்புக்காகத்தான் இந்த முடிவு. ரப்பர் இல்லாத தடிகளை…"

"ரப்பர் இருக்கு சார்," என்றேன். பையிலிருந்த பதினொரு குப்பிகளையும் மேசையில் கொட்டினேன். ஒன்று உருண்டு போய் அவர் மடியில் விழுந்தது.

சொன்னேன். நான் சொன்ன வேடிக்கையை, அவர்கள் கழற்றி வைத்ததை, விழுந்தபோது நான் எங்கே இருந்தேன் என்பதை. சிகரெட்டைக்கூடச் சொல்லிவிட்டேன். சொல்ல ஆரம்பித்த வாய்க்கு எங்கே நிறுத்துவது என்று தெரிந்ததே இல்லை. மிஸ்ஸியின் முகம் போன போக்கைப் பார்த்தபோது, நேவல் பேஸில் நான் ஸ்ட்ரெச்சரின் எந்தப் பக்கம் பிடித்தேன் என்பதை மட்டும் விட்டுவிட்டேன்.

வேலாயுதம் மடியிலிருந்த குப்பியை எடுத்து மேசையில் வைத்தார். "பாருங்க, இதுதான் நான் சொல்றது. கம்புக்கு மாட்டுற ரப்பரைச் செருப்புன்னு கழட்டி வைக்கிறவங்க. இவங்களை நம்பி எப்படி நடக்க விடுறது? ஒண்ணு சொன்னா ஒண்ணு புரிஞ்சுக்கிறாங்க."

"புரிஞ்சுதுங்க," என்றார் முத்தாயி. குரல் உயரவில்லை. "இவன் சொன்னதையும் கேட்டோம், எங்களைப் பெத்தவங்க சொன்னதையும் கேட்டோம். ரெண்டையும் கேட்டதுக்குத்தான் இந்த வீக்கம். வழுக்கும்னு எவனாவது நேரா சொல்லியிருந்தா நாங்க வேற வழி பாத்திருப்போம்."

"என்ன வழி பாத்திருப்பீங்க?"

"சாமி அறைக்குன்னு நாலு தொங்காட் தனியா வைங்க. ரப்பரோட. அது அந்த வாசப்படி தாண்டக்கூடாது. வாசல்ல ஒரு பெஞ்சு போடுங்க. உக்காந்துகிட்டு இதைக் குடுத்துட்டு அதை வாங்கிட்டு எந்திரிச்சுக்கிறோம். கக்கூசை மிதிக்காத ரப்பருக்கு சாமி என்ன சொல்லப்போவுது? ஜமால் பாய்க்கு ஒண்ணு அவர் தொழுகைப் பாய்கிட்ட இருக்கட்டும்."

ஜமால் பாய் தலையை ஆட்டினார். மிஸ்ஸி தன் நோட்டில் எதையோ எழுதினார். நாங்கள் மூன்று வெள்ளிக்கிழமைகளாகத் தேடியதை, தரையில் உட்கார்ந்திருந்தவர் ஒரே மூச்சில் முடித்துவிட்டார்.

வேலாயுதம் தயங்கினார். "நல்ல யோசனைதான். ஆனா இன்னொருத்தர் விழுந்தா யாரு பதில் சொல்றது? கமிட்டி எல்லாத்தையும் யோசிச்சுத்தான்…"

"கமிட்டியில யாரு நொண்டி?"

இரண்டு பக்கத்து உறுப்பினர்களும் தங்கள் கால்களை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

"முப்பது வருசம் நடந்து சம்பாதிச்சவ நான்," என்றார் முத்தாயி. "விழுந்தா என் நெத்தி, என் எலும்பு. விழுவேன்னு படுக்கப்போட்டீங்கன்னா, அதுவும் விழுந்த மாதிரிதான், எந்திரிக்க மட்டும் முடியாது. என் தொங்காட்டைக் குடுங்க. குடுக்காட்டி நான் இப்படியே சிராங்கூன் ரோட்டுக்குப் போவேன். உங்க ஜவுளிக்கடை வாசல் வரைக்கும் போவேன்."

வேலாயுதத்தின் கண்ணெதிரே அது ஓடியிருக்க வேண்டும். தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது.

மிஸ்ஸி எழுந்தார். இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைக் கழற்றி என்னிடம் நீட்டினார். "விழுந்தா ரிப்போர்ட் எழுதப்போறது நான்தான் சார். நான் எழுதிக்கிறேன்," என்று செயலாளரிடம் சொன்னார். பிறகு என்னிடம், "உங்களுக்குத் தனியா ஒரு ரிப்போர்ட் எழுதணும். இனிமே பாடம் நடத்துறப்ப வேடிக்கைப் பேச்சு கிடையாது. எழுதிக் கையெழுத்து வாங்கிக்குவேன்," என்றார்.

என் வேலை தப்பியது. என் நாக்குக்குத்தான் வேலை போனது.

தடியைக் கொண்டுவந்து, ரப்பரை அழுத்தி மாட்டி, இழுத்துப் பார்த்து, முத்தாயியிடம் கொடுத்தேன். பெஞ்சைப் பிடித்து எழுந்தார். நான் கை நீட்டினேன், தட்டிவிட்டார். வேலாயுதம் மேசையைச் சுற்றி வந்து, பிடிப்பதற்காக இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பின்னால் நின்றார்.

"கோழி பிடிக்கிற மாதிரி வராதீங்க. வழி விடுங்க," என்றார் முத்தாயி.

நடந்தார். கூடத்தின் குறுக்கே, வாசலைத் தாண்டி, பின்கட்டுக்கு. அவர் எங்கே போகிறார் என்று யாருக்கும் புரியவில்லை. படுக்கை வார்டுக் கதவைத் தடியாலேயே தள்ளித் திறந்தார். எட்டாவது கட்டிலின் மேல் இருந்த தன் தகரப் பெட்டியை நுனியால் தட்டிக் காட்டினார்.

"எனக்கு ஒரு கையில தொங்காட். பெட்டி தூக்க முடியாது. நீங்க தூக்குங்க," என்றார் வேலாயுதத்தைப் பார்த்து.

நான் முன்னால் போனேன். முத்தாயி தடியைக் குறுக்கே நீட்டினார். "நீ இல்ல. அனுப்பச் சொன்னது அவரு."

கஞ்சி போட்ட வெள்ளை வேட்டியோடு ஜவுளிக்கடை முதலாளி குனிந்து பெட்டியைத் தூக்கினார். தூக்கியபோது அவர் முகத்தில் கோபமில்லை. அதன் கனத்தை எதிர்பார்க்காத ஆச்சரியம்தான் இருந்தது. இவ்வளவு கனத்தையா இந்த அம்மாவுக்கு முன்னால் அனுப்பினோம் என்று நினைத்தாரோ என்னவோ.

அப்போது மூன்றாவது கட்டிலிலிருந்து ஒரு குரல் வந்தது. கண்மணி அம்மாள். போன வருடம் காய்ச்சலில் படுத்தவர், காய்ச்சல் போன பிறகும் எழுப்ப ஆள் இல்லாமல் அங்கேயே இருந்துவிட்டவர். அவர் பேசி நான் கேட்டு மாதக்கணக்கு ஆகியிருந்தது.

"மிஸ்ஸி. எனக்கும் ஒண்ணு இருக்கா?"

மிஸ்ஸி கதவருகில் நின்றிருந்தார். பெட்டியோடு நின்ற வேலாயுதத்தைப் பார்க்கவில்லை, அனுமதியும் கேட்கவில்லை. "தங்கராஜு, அளவு எடுங்க," என்றார்.

கட்டில் பக்கத்தில் மண்டியிட்டேன். ஒரு வருடம் படுத்த உடம்பு இன்றைக்கு நடக்காது, ஒரு வாரம் உட்கார்ந்து பழக வேண்டும், பிறகு நிற்க வேண்டும் என்று நேரான வார்த்தைகளில், ஒரு வேடிக்கையும் கலக்காமல் சொன்னேன். கேட்டுக்கொண்டார். முத்தாயி ஒரு தோளையும் நான் ஒரு தோளையும் தாங்கிக் கட்டில் ஓரத்தில் உட்கார வைத்தோம். குச்சிபோல் மெலிந்திருந்த இரண்டு பாதங்களும் கீழே இறங்கிச் சிமெண்டைத் தொட்டன. விரல்களை மடக்கி, நிமிர்த்தி, மறுபடி மடக்கிப் பார்த்தார்.

"தரை சில்லுன்னு இருக்கே," என்றார் கண்மணி.

"இருக்கும்," என்றார் முத்தாயி. "நாளைக்கும் உக்காரு. நான் வந்து பாப்பேன்."